ஒரு பழமொழியில் ஐந்து பாடங்கள்

"மோனை என்றால் என்ன அம்மா?" என்று பிள்ளை வினவும்போது, "அதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது; புத்தகத்தில் உள்ளபடி மனப்பாடம் செய்" என்று விடையளிக்கும் இல்லங்கள் நம்மிடையே பல. தேர்வு முடிந்ததும் செய்யுளும் மறந்து போகிறது. யாப்பிலக்கணம் புலவர்க்கே உரியது என்னும் நம் அச்சமே இதற்குக் காரணம். அவ்வச்சம் வேண்டுவதில்லை என்பதை, நாளும் நம் நாவில் வழங்கும் பழமொழி ஒன்றைக் கொண்டே காண்போம்.

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்."

இதனை மெல்லச் சொல்லிப் பாருங்கள். அகத்-தின், அழ-கு, முகத்-தில், தெரி-யும் என ஒவ்வொரு சொல்லும் இரு கூறாக ஒலிக்கின்றது. அக்கூறே அசை. 'அகத்', 'தெரி' என இரு குறில் இணைந்து வருவது நிரையசை. 'தின்', 'கு' என ஒன்றே நிற்பது நேரசை. அசைகள் சேர்ந்தது சீர். நிரையும் நேரும் சேர்ந்த சீருக்குப் புளிமா என்று பெயர். இங்கே நான்கு சீரும் புளிமாவே! சீர்கள் தொடர்ந்தது அடி. நாற்சீர் கொண்டதாகலின் இஃது அளவடி. அகத்தின், அழகு என முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. அகத்தின், முகத்தில் என முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை.

இனி, 'உள்ளத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று மாற்றிச் சொல்லுங்கள். பொருள் குன்றவில்லை, ஆயினும் மோனையும் எதுகையும் மறைந்தன, சீரின் ஒழுங்கும் குலைந்தது. பழமொழி தலைமுறைகள் கடந்து நம் நினைவில் நிற்பதன் மறைபொருள் இப்போது விளங்குகிறதன்றோ?

இத்தாலியில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர், வளர்ந்த பின்னரே தமிழ் பயின்றவர். அவர் தொன்னூல் விளக்கத்தில் யாப்பையும் ஓர் அதிகாரமாக வகுத்தார். சதுரகராதியின் நான்கு பிரிவுகளுள் ஒன்றைத் தொடைக்கென்றே ஒதுக்கினார். புனித சூசையப்பரைப் பாடும் தேம்பாவணி 3615 பாடல்களாக விரிந்ததும் இவ்வடிப்படையின் மேல்தான்.

தாய்மொழியாகப் பெற்ற நாம் இவ்வைந்து சொற்களுக்கு அஞ்சலாமா? இன்றிரவு பிள்ளையின் பாடநூலைத் திறந்து, ஒரே ஓர் அடியைக் கைத்தாளமிட்டு அசை பிரித்துப் பாருங்கள். மோனையைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். தானே கண்டதை அது தேர்வுக்குப் பின்னும் மறவாது.