ஜீரோவின் மூதாதையர்

சொற்களுக்கும் குலமுண்டு, கொடிவழியுண்டு. ஆயின், இரு சொற்கள் செவிக்கு ஒத்து ஒலித்தால் போதும், ஒன்று மற்றொன்றின் சேய் என மேடையில் முழங்குவோர் நம்மிடையே பெருகி வருகின்றனர். இப்போக்கு ஆராய்ச்சிக்கு நலம் பயவாது என்பது நம் கருத்து.

ஆங்கிலத்தின் 'ஜீரோ' என்னும் சொல்லை நோக்குவோம். அதனை அரபியர் கொடை என ஒரு சாராரும், இந்தியர் கொடை என மறுசாராரும் வாதிடுவர். சான்றுகள் கூறுவது யாது?

கி.பி. 628இல் பிரம்மகுப்தர் சுழியத்தைக் கொண்டு கணக்கிடும் விதிகளை வகுத்தார். வடமொழியில் அதன் பெயர் 'சூன்யம்'. வெறுமை என்பது பொருள். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, இந்திய எண்முறையை விளக்கித் தனிநூல் யாத்தார். அரபியர் சூன்யம் என்னும் ஒலியைக் கடன் கொள்ளவில்லை. பொருளை மட்டும் ஏற்று, வெறுமையைக் குறிக்கும் தம் சொல்லாகிய 'ஸிஃப்ர்' என்பதைச் சூட்டினர்.

வட ஆப்பிரிக்காவில் இக்கணக்கைப் பயின்ற பீசா நகரத்து ஃபிபொனாச்சி, 1202இல் இலத்தீனில் எழுதிய நூலில் அதனை 'ஸெஃபிரும்' என்றார். இத்தாலியர் நாவில் அது சுருங்கி, பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்து 'ஜீரோ' ஆயிற்று. அதே ஸிஃப்ர், 'சிஃப்ரா' எனவும் இலத்தீனில் திரிந்து, பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தில் 'சைபர்' ஆயிற்று. நம் முதியோர் கணக்குச் சொல்லும்போது வழங்கும் 'சைபர்' இதுவே. ஜீரோவும் சைபரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஆகவே, பொருள் இந்தியருடையது, வேர்ச்சொல் அரபியருடையது, வடிவம் இத்தாலியருடையது. தனியுரிமை கோர எவருக்கும் இடமில்லை. ஃபிபொனாச்சியே ஒன்பது எண்குறிகளை இந்தியருடையவை என்றும், சுழியத்தின் பெயரை அரபுப் பெயர் என்றும் பிரித்து உரைத்தார். பிறரிடம் பெற்றதைப் பெற்றோம் எனக் கூறுவது புலமைக்கு இழுக்கன்று, அணியே ஆகும்.

மற்றொன்றும் ஈண்டு எண்ணத்தக்கது. சூன்யத்திற்கும் ஸிஃப்ருக்கும் ஒலியுறவு சிறிதும் இல்லை. ஒலியொப்புமையையே நம்புவோர் இவ்வுண்மையான உறவைக் காணாமலே கடந்து செல்வர்.

எனவே மாணாக்கர், ஒரு சொல் எக்காலத்தில், எவர் வழியே, எப்பொருளில் வந்தது என்னும் மூன்றையும் வினவுவாராக. விடை நம் பெருமைக்கு உகந்ததாயினும் அன்றாயினும், அதனை அவ்வாறே எழுதும் துணிவையும் பெறுவாராக. மொழிப்பற்று மெய்ப்பற்றோடு இணைந்தாலன்றி நிலைபெறாது.