பாம்பு எப்போது பால் கேட்டது?

பாம்புக்குப் பால் வார்த்தாலும் அது நஞ்சையே கக்கும் என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. நன்றி மறந்தவனைச் சாட வேண்டும் என்றால் மேடைப் பேச்சாளருக்கும் தலையங்கம் எழுதுபவருக்கும் முதலில் கைக்கு எட்டுவது இதுதான். வகுப்பறையில் நாமும் பல ஆண்டுகள் இதை உவமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறோம். இன்று அதற்காக வெட்கப்படுகிறோம். அந்தப் பழமொழியில் குற்றவாளி பாம்பு அன்று, வார்த்தவன். கேளாத ஒன்றைக் கொடுத்துவிட்டு, நன்றி வரவில்லையே என்று குறைபட்டுக்கொள்பவன்.

பாம்பு பால் குடிப்பதில்லை. பாலைச் செரிக்கும் உடலமைப்பு அதற்கு இல்லை. உலகில் உள்ள பாம்புகள் அனைத்தும் ஊன் உண்பவை. எலி, தவளை, பல்லி, பறவை, முட்டை, மீன், பிற பாம்பு என்று இனத்துக்கு இனம் இரை மாறும். மெல்லாமல் முழுதாக விழுங்கும் முறை மாறாது. பாம்பாட்டியின் கூடையிலிருந்து தலை நீட்டும் நாகம் கிண்ணத்துப் பாலை உறிஞ்சுவதைக் கண்ணால் கண்டோம் என்பார்கள். கண்டிருக்கலாம். நாட்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வாட்டப்பட்ட உயிர் எந்தத் திரவத்தைக் கண்டாலும் குடிக்கும். அது பக்தியும் அன்று, பசியும் அன்று, தாகம். அந்தப் பால் மூச்சுக்குழலுக்குள் போய் நுரையீரலைக் கெடுக்கும். விழா முடிந்தபின் அந்தப் பாம்பு என்ன ஆயிற்று என்று எவரும் கேட்பதில்லை.

இது பாமரரின் மூடநம்பிக்கை, படித்தவர்களுக்கு இதில் பங்கில்லை என்று எண்ணும் நண்பர்களுக்காக ஒரு நிகழ்ச்சி. பெருமாநல்லூரில் பனியன் தொழில் செய்யும் நம் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வாங்கி வந்த பாம்பு மூன்று வாரமாக எதையும் தொடவில்லையாம். “ஏனுங்க சார், கொஞ்சம் பாலூத்திப் பார்க்கலாங்களா?” என்று கேட்டார். வாங்கியது ‘பால் பைத்தான்’ எனப்படும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. அஞ்சினால் பந்தாகச் சுருண்டுகொள்வதால் ஆங்கிலத்தில் அதற்கு அந்தப் பெயர். தமிழ் எழுத்தில் பந்து பாலாகி, பால் கிண்ணம் வரை வந்துவிட்டது. சிரிப்பு வந்தது, நேரில் போய்ப் பார்த்ததும் நின்றுவிட்டது.

அலுவலக வரவேற்பறையில், கண்ணைக் கூசும் விளக்கின் கீழ், கண்ணாடித் தொட்டிக்குள் அது கிடந்தது. ஒளிந்துகொள்ள ஒரு மூலை இல்லை. குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. சரக்குப் பார்க்க வருபவர்கள் எல்லாம் அதைக் கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உயிருள்ள எலி ஒன்றை இரவெல்லாம் உள்ளே விட்டுவைத்ததில், எலிதான் பாம்பைக் கடித்திருந்தது. முதுகில் இரண்டு புண்கள். கரண்டிக் காம்பால் வாயைத் திறக்கவும் முயன்றிருக்கிறார்கள். இத்தனையும் அன்பின் பெயரால்!

இந்த இனம் மேற்கு, நடு ஆப்பிரிக்க நிலங்களில் பகலெல்லாம் வளைக்குள் ஒடுங்கி இரவில் இரை தேடுவது. வளர்ந்த பாம்பு மாதக்கணக்கில் உண்ணாமல் இருக்கவும் வல்லது. இடம் மாறிய பாம்பு உண்ண மறுப்பது நோய் என்பதைவிட, பெரும்பாலும் அச்சம். செய்யவேண்டியவை எளியவை. வந்த முதல் வாரம் தொடாமல் விடவேண்டும். உடல் நெருக்கமாகப் பொருந்தும் இருண்ட ஒளிவிடம் வேண்டும். தொட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி வெப்பமும் மறுபக்கம் அதைவிடத் தணிந்த சூடும் வேண்டும். சூடில்லாமல் பாம்புக்குச் செரிமானமே இல்லை. குடிநீர் எப்போதும் இருக்கவேண்டும். இரை, பாம்பின் உடலில் மிகப் பருத்த இடத்தைவிடப் பெரிதாக இருத்தல் ஆகாது. உறையவைத்த எலியை நன்கு உருகவிட்டு, வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, நீண்ட இடுக்கியால் இரவில் நீட்டவேண்டும். வெறுங்கையால் நீட்டினால், உதட்டுக் குழிகளால் வெப்பத்தை உணரும் அந்த உயிர் கையையே இரை என்று கொள்ளும். தவறு அதனுடையது அன்று. மறுத்தால் எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மீண்டும் முயலவேண்டும். உண்டபின் இரண்டு நாள் தூக்கக்கூடாது, தூக்கினால் கக்கிவிடும். உடல் இளைத்தால் பாம்பு அறிந்த கால்நடை மருத்துவரிடம் போகவேண்டும். வாயைத் திறந்து திணிப்பது வீட்டுவேலை அன்று. கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும் என்பது நமக்கான விதி.

புண்ணுக்கு மருத்துவரைப் பார்த்து, தொட்டியை உள்ளறைக்கு மாற்றிய பத்தாம் நாள் இரவு அது உண்டது. மாணவர் மகிழ்ந்தார். நாம் அந்த மகிழ்ச்சியைக் கெடுக்கவேண்டியதாயிற்று: “பதிவுச் சான்று இருக்கிறதா, தம்பி?” இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 2024ஆம் ஆண்டு விதிகளும் இத்தகைய அயல்நாட்டு உயிர்களைப் பதிவு செய்யச் சொல்கின்றன. 2023இல் திருச்சி விமான நிலையத்தில் ஒரு பயணியின் பெட்டியிலிருந்து 47 மலைப்பாம்புகள் எடுக்கப்பட்டன. பெட்டிக்குள் அடைந்து வந்த உயிர் தொட்டிக்குள் விழுந்ததும் உண்ணவேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? வனத்துறையிடம் போய் உள்ளதைச் சொல்லும்படி சொன்னோம். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அதே கட்டடத்தின் பின்புறம் வேஸ்ட் துணி அடுக்கிய கோடவுன் இருக்கிறது. அங்கே எலிகள் பெருகுகின்றன. எலியைத் தேடிச் சாரை வருகிறது. நஞ்சில்லாத, கூலி கேட்காத காவல்காரன். சென்ற ஆண்டு அதை அடித்துக் கொன்றார்கள். அடித்தவர்களில் ஒருவர் ஆடி வெள்ளியன்று வேப்பமரத்தடிப் புற்றுக்குப் பால் ஊற்றியதை நாமே பார்த்தோம். புற்று கறையானுடையது; பாம்பு அங்கே ஒண்டுக்குடி. உள்ளே இறங்கிய பாலால் எறும்பு மொய்த்ததுதான் மிச்சம். உண்ண வந்த பாம்புக்குத் தடி, உண்ணாத பாம்புக்குப் பால், உண்ண அஞ்சிய பாம்புக்குக் கரண்டிக் காம்பு!

நம்பிக்கையைப் புண்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு நம் விடை இது: வணங்குங்கள், மஞ்சளும் குங்குமமும் நாகர் கல்லோடு நிற்கட்டும். பாலைத் தெருவில் உள்ள குழந்தைக்குக் கொடுங்கள். வளர்ப்பது அன்பு இல்லையா என்பவர்களுக்கும் அதே விடைதான். எதிரில் உள்ள உயிருக்கு எது வேண்டும் என்று கேட்டறியாத அன்பு, தன்னையே கண்ணாடியில் பார்த்துக்கொள்ளும் அன்பு.

கேட்டறிந்தவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டிலே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் நஞ்சுமுறி மருந்து செய்யப்படுகிறது. இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அவர்கள் பாம்புக்குப் பால் வார்க்கவில்லை. அது கக்கிய நஞ்சைக்கொண்டே மனித உயிர் காத்தார்கள்.

இனி வகுப்பில் அந்தப் பழமொழி வந்தால் அதன் பின்பாதியை விட்டுவிடப் போகிறோம். முன்பாதியை மட்டும் கரும்பலகையில் எழுதி, “வார்த்தவன் யார்? பாம்பு கேட்டதா?” என்று மாணவர்களிடம் கேட்கப் போகிறோம்.