விட்ட ஆட்டத்தின் கணக்கு

மதுரையில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு தையல் கடை இருக்கிறது. 2024 ஐபிஎல் நடந்த நாட்களில் மாலை ஏழு மணியானால் அங்கே மெஷின் சத்தம் நின்றுவிடும். ஏழு மணிக்கு டாஸ். அதோடு இரண்டு அணியிலும் யார் யார் ஆடுகிறார்கள் என்ற பட்டியல் வரும். ஏழரைக்கு முதல் பந்து. இடைப்பட்ட அரை மணிக்குள் பதினொரு பேரைத் தேர்ந்து, கேப்டன், துணைக் கேப்டன் வைத்து, 49 ரூபாய் கட்டி ஃபேண்டஸி கிரிக்கெட் செயலியில் அணியைப் பதிய வேண்டும். அந்த ஆட்டக்காரர்கள் களத்தில் ஆடுவதைப் பொறுத்துப் புள்ளி, புள்ளியைப் பொறுத்துப் பரிசு. பாதி தைத்த ரவிக்கை ஊசிக்கடியில் அப்படியே கிடக்கும். நூல்கண்டில் சாய்த்து வைத்த போனில் நிமிடமும் நொடியும் குறைந்துகொண்டே வரும்.

"இன்னைக்கு ஒரு நாள் விட்டாத்தான் என்ன தம்பி?" என்று கடைக்காரத் தம்பியிடம் ஒருமுறை கேட்டேன்.

"விட்ட அன்னைக்கே விழுந்துருச்சுன்னா என்ன செய்யிறதுண்ணே?"

அந்தக் கேள்வி பல நாள் என்னை விடவில்லை. பணம் வைத்து ஆடுகிறவரைப் பேராசைக்காரர் என்று சொல்லியே பழகிவிட்டோம். தம்பியின் குரலில் நான் கேட்டது பயம். அது எப்படித் தொடங்கியது என்றும் அவரே சொன்னார். முந்தைய ஆண்டு, சொந்தக்காரர் வீட்டுச் சடங்கில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தபோது அணி போடும் நேரம் தாண்டிவிட்டது. அன்று அவர் மனசுக்குள் வைத்திருந்த ஆட்டக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். போட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று அன்றிரவெல்லாம் கணக்குப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு நாளும் விடவில்லை. ஓர் அணி ஐந்தாகி, ஐந்து பத்தானது. ஒன்றில் விட்டது இன்னொன்றில் அகப்படட்டும் என்ற எண்ணம். தீபாவளிச் சீட்டுக்கு எடுத்து வைத்த பணம் அதில் கரைந்தது.

ஆடாமல் விட்ட நாளில் கைநழுவிய வெற்றி ராத்திரியெல்லாம் மனசைக் குத்துகிறது. அதேபோல் ஆடாமல் விட்டதால் தப்பிய தோல்விகளும் எத்தனையோ உண்டு. அவற்றை யாரும் நினைப்பதில்லை. "நேற்று நீங்கள் ஆடவில்லை, 49 ரூபாய் மிச்சம்" என்று எந்தச் செயலியும் செய்தி அனுப்பியதில்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்ட அந்தக் கணக்கை வைத்துத்தான் மனசு அடுத்த ஆட்டத்துக்குள் இறங்குகிறது.

இந்தப் பயத்தை நெதர்லாந்தில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே அஞ்சல் குறியீட்டு லாட்டரி என்று ஒன்று நடக்கிறது. உங்கள் வீட்டு அஞ்சல் குறியீடுதான் சீட்டின் எண். அந்த நாட்டில் ஒரு குறியீடு ஒரு தெருவுக்கோ தெருவின் ஒரு பகுதிக்கோ உரியது. குறியீடு விழுந்தால் அங்கே சீட்டு வாங்கியிருந்த அத்தனை பேருக்கும் பரிசு. வாங்காதவருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் தன் எண் விழுந்தது அவருக்கும் தெரியும். பக்கத்து வீடு கொண்டாடுவதைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழ வேண்டும். ஸீலன்பெர்க், பீட்டர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 'வாங்காமல் விட்டு வருந்த நேருமோ' என்ற எண்ணம் இந்த லாட்டரிச் சீட்டை வாங்கத் தூண்டுகிறது என்று கண்டார்கள். சாதாரண அரசு லாட்டரியில் அந்தத் தூண்டுதல் தென்படவில்லை. அங்கே வாங்காதவருக்குத் தன் எண் எது என்றே தெரியாதே! தையல் கடைத் தம்பி மனசுக்குள் போட்டு வைத்த அணியும் அப்படி ஓர் அஞ்சல் குறியீடுதான். ஆடினாலும் ஆடாவிட்டாலும் அது அவருடைய எண். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரி தடை செய்யப்படும்வரை ஒரே எண்ணில் முடியும் சீட்டைத் தேடித் தேடி வாங்கியவர்களைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல.

ரம்மியில் இந்தப் பயம் ஒவ்வொரு கைக்கும் வரும். பதின்மூன்று சீட்டைப் பிரித்துப் பார்க்கிறோம். கை சரியில்லை. ஆரம்பத்திலேயே டிராப் செய்தால் 20 புள்ளியோடு போகும். வீட்டில் ஆடும்போது இதையே ஸ்கூட் என்போம். நடுவில் விட்டால் 40. கடைசிவரை இருந்து தோற்றால் 80 வரை ஏறும். புள்ளிக்குப் பத்து ரூபாய் மேசையென்றால் 200-க்கும் 800-க்கும் உள்ள வித்தியாசம் அது. விட்டுவிடு என்று அறிவு சொல்லும். அடுத்து எடுக்கும் சீட்டு ஜோக்கராக இருந்துவிட்டால்? அந்த ஒரு சீட்டைத் தவறவிடக் கூடாதே என்று ஆள் உட்கார்ந்துவிடுகிறார். விட்டவரையும் ரம்மிச் செயலி சும்மா விட்டதில்லை. ஆட்டம் முடிந்ததும் எல்லோர் கையையும் திரையில் விரித்துக் காட்டியது. 'இன்னும் ஒரு சுற்று இருந்திருந்தால்...' என்ற முள் அங்கே ஏறியது. நள்ளிரவோடு காலாவதியாகும் போனஸ், இப்போது ஜெயித்தவரின் பெயர், குறைந்துகொண்டே வரும் கடிகாரம் எல்லாம் அந்த முள்ளை இன்னும் ஆழமாக அழுத்துவதற்குத்தான் இருந்தன.

இப்படிப்பட்ட செயலிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழ்நாடு சட்டமன்றம் 2022-ல் இதற்கான மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் அதைத் திருப்பியனுப்பினார். சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியபின் 2023 ஏப்ரலில்தான் அது சட்டமாகி நடைமுறைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் வந்த விதிகள், பணம் வைத்து ஆடும் செயலிகளில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை நுழையக் கூடாது என்றன. அந்த ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அவ்விதிகள் செல்லும் என்றது. வீடே தூங்கும் நேரத்தில், தோற்றுவிட்டுத் தனியே விழித்திருப்பவருக்கு அந்த ஐந்து மணி நேரம் எவ்வளவு பெரிய காப்பாக இருந்தது என்பது அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே நாடு முழுவதும் தடை செய்தது. ஆனால் சட்டம் செயலியை மூடலாம். பயம் ஆளுக்குள்ளேயே இருக்கிறது. டெலிகிராம் குழுக்களில் ஜெயித்த தொகையின் படத்தைப் போட்டு, 'இன்று மட்டும்' என்று வலை விரிப்பவர்கள் அந்தப் பயத்தை நம்பித்தான் பிழைக்கிறார்கள்.

தம்பி வெளியே வந்த வழியைச் சொல்ல வேண்டும். 2025 ஐபிஎல் தொடங்கியபோது அவர் செயலியை அழித்துவிட்டார். அணி போடும் பழக்கம் மட்டும் போகவில்லை. "போனில் போடாதே, நோட்டில் போடு" என்றேன். கடையின் அளவு நோட்டை எடுத்தார். முன்பக்கம் முழுக்கத் தோள், மார்பு, இடுப்பு, கை நீளம். பின்பக்கத்திலிருந்து பதினொரு பெயர்களை எழுத ஆரம்பித்தார். ஆட்டத்துக்கு ஓர் அணி, கட்டாத பணம் 49 ரூபாய். எத்தனை புள்ளிக்கு எவ்வளவு பரிசு என்பதை மறுநாள் நண்பனிடம் கேட்டு எதிரில் குறித்துக்கொள்வார்.

ஓர் இரவு பதினொன்றரைக்கு என் போன் அடித்தது. "அண்ணே, வந்துருச்சுண்ணே. இன்னைக்குப் போட்டிருந்தா 850 ரூவா." குரல் நடுங்கியது. எந்த நாளை எண்ணி இரண்டு வருடம் பயந்தாரோ, அந்த நாள் வந்தேவிட்டது. காலையில் நோட்டோடு உட்காருவோம் என்றேன். எனக்கும் அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

காலையில் கூட்டினோம். அதுவரை 27 ஆட்டங்கள். கட்டியிருக்கக்கூடிய பணம் 1,323 ரூபாய். அந்த 850-ஐயும் முன்பு நான்கு நாட்களில் வந்திருக்கக்கூடிய சில்லறையையும் சேர்த்தால் 1,110. விழுந்த நாளையும் கணக்கில் வைத்த பிறகும் 213 ரூபாய் நட்டம். அதுவும் ஆட்டத்துக்கு ஓர் அணி என்ற கணக்கில். அவர் பழைய வழக்கமோ பத்து அணி.

தம்பி அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதன் கீழே அளவுக் குச்சியை வைத்து ஒரு கோடு இழுத்தார்.

ஆட்டத்தை விட முடியாமல் தவிக்கும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், பேராசைக்காரன் என்று திட்டாதீர்கள். எந்த நாளைத் தவறவிட்டுவிடுவோம் என்று பயப்படுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கடன் மிஞ்சி, உயிரை வெறுத்துப் பேசினால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். மற்றபடி அவருக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். விட்ட ஆட்டத்துக்கும் இரண்டு பக்கமும் எழுதப்படட்டும்.

அன்று நான் கிளம்பும்போது ஒரு அம்மா ரவிக்கைத் துணியோடு வந்தார். தம்பி நோட்டை முன்பக்கம் புரட்டி, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார்.