பஜனை கோயில் தெருவில் பாட்டு எங்கே?

சென்னைக்குத் தெற்கே போனால், ஊருக்கு ஊர் ஒரு தெருப் பெயர் கண்ணில் படும்.

“பஜனை கோயில் தெரு.”

தெரு இருக்கிறது. பெயர்ப் பலகை இருக்கிறது. பல இடங்களில் அந்தச் சின்னஞ்சிறு பஜனைக் கோயிலும் இருக்கிறது. உள்ளே ராமர் படம். படத்துக்கு முன்னே குத்துவிளக்கு. மூலையில் ஓர் ஆர்மோனியப் பெட்டி.

பாட்டு எங்கே?

மார்கழி பிறந்தால் பாட்டு கேட்கத்தான் செய்கிறது. ஆனால் பாடுவது ஊரார் அல்ல. கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி! எப்போதோ, எங்கேயோ பதிவு செய்த குரல் தெருவெல்லாம் முழங்குகிறது. ஊரார் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

ஆள் பாடவில்லை. பெட்டி பாடுகிறது.

“பாட்டு கேட்டால் போதாதா? யார் பாடினால் என்ன?” என்று சிலர் கேட்கலாம்.

போதாது. ஊர் கூடிப் பாடுவது நின்றால், போவது பாட்டு மட்டும் அல்ல. ஒருவரை ஒருவர் அறிந்த பழக்கமும் கூடவே போகிறது.

நீர் சூழ்ந்த மலை

திருநீர்மலையை எடுத்துக்கொள்வோம். பல்லாவரத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தூரம். 108 திவ்விய தேசங்களில் ஒன்று. பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம்.

மலை அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள். மலைமேல் ரங்கநாதர். நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம், நடந்த கோலம் என்று 4 கோலங்களில் பெருமாளை இங்கே சேவிக்கலாம்.

திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி ஒரே வெள்ளமாம். நீர் வடியும் வரை 6 மாதம் காத்திருந்து, பெருமாளைச் சேவித்து, பாடிவிட்டுத்தான் போனார் என்று தல வரலாறு சொல்கிறது.

பாட்டுக்காகக் காத்திருந்த ஊர் இது!

இன்று இந்த ஊரைச் சூழ்ந்திருப்பது வெள்ளம் அல்ல, வீடுகள். வயல்கள் மனைகளாயின. மனைகளில் மாடி வீடுகள் எழுந்தன. 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது, பேரூராட்சியாக இருந்த திருநீர்மலையும் அதில் சேர்ந்தது.

வேலை தேடிப் பல மாவட்டத்து மக்கள் இந்தப் பக்கம் வந்து குடியேறுகிறார்கள். நெல்லைக்காரர் மேல் மாடி. சேலத்துக்காரர் கீழ் வீடு. படியில் பார்த்தால் ஒரு புன்சிரிப்பு. அதோடு சரி. எதிர் வீட்டுக்காரர் பெயர் கூடத் தெரியாமல் வருடங்கள் ஓடுகின்றன.

இவர்களை ஒன்றாக உட்கார வைப்பது எது? கூட்டம் போட்டால் வர மாட்டார்கள். பேச்சு என்றால் தூங்குவார்கள். பாட்டு என்றால் வருவார்கள்.

வித்துவான் வேண்டாம்

பஜனையின் சூட்சுமம் மிகவும் எளிது.

ஒருவர் ஓர் அடி பாடுவார். மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். ஆர்மோனியம் சுருதி கொடுக்கும். ஜால்ராவும் சப்ளாக்கட்டையும் தாளம் காட்டும். மிருதங்கமோ டோலக்கோ இருந்தால் இன்னும் விசேஷம். இல்லாவிட்டால் கைத்தட்டு போதும்!

“எனக்குப் பாட வராது, அக்கா!” என்று பின்வாங்கும் பெண்ணும், 2 பாட்டு முடிவதற்குள் பாடிக்கொண்டிருப்பாள். 20 பேர் குரலோடு ஒரு குரல் சேரும்போது அதன் குறை வெளியே தெரியாது. குரல் கட்டையோ, நெட்டையோ, கூட்டத்தில் எல்லாம் இனிமைதான்.

கச்சேரி வேறு, பஜனை வேறு. கச்சேரியில் பாடுகிறவர் ஒரு பக்கம், கேட்கிறவர் மறு பக்கம். பஜனையில் கேட்கிறவர் என்று யாரும் இல்லை. எல்லோரும் பாடுகிறவர்களே.

ஆண்டாள் தனியே போகவில்லை

மார்கழிக்கு உரிய பாடல்களைப் பாருங்கள். ஆண்டாள் அருளிய திருப்பாவை 30 பாட்டு. அதில் 6 முதல் 15 வரை உள்ள 10 பாட்டுகள், தூங்கும் தோழியரை எழுப்பும் பாட்டுகள்!

தான் ஒருத்தி மட்டும் நீராடி, தான் ஒருத்தி மட்டும் கும்பிட்டு வர ஆண்டாள் நினைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அழைக்கிறாள். மாணிக்கவாசகரின் திருவெம்பாவையிலும் இதே காட்சிதான். அது 20 பாட்டு.

கூடிப் பாடுவதற்கென்றே பிறந்த பாடல்கள் இவை. இவற்றை ஒலிபெருக்கியிடம் ஒப்படைத்துவிட்டு மக்கள் படுத்துத் தூங்கினால், பாட்டின் பொருளே தலைகீழாகி விடுகிறது அல்லவா?

பெரிய சாகித்தியகர்த்தாவான பாபநாசம் சிவன் (1890 - 1973) என்ன செய்தார்? மயிலாப்பூர் மாட வீதிகளில் பல ஆண்டுகள் மார்கழி பஜனை நடத்தினார். தெருவில் இறங்கி, சாதாரண மக்களோடு பாடிக்கொண்டே நடந்தார். அவருடைய பாட்டு சபாவுக்கும் போனது, சினிமாவுக்கும் போனது, தெருவையும் விடவில்லை.

விடுதலைப் போரிலும் சேர்ந்து பாடிய பாட்டு துணை நின்றது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். உப்புச் சட்டத்தை மீறுவதற்காகத்தான் அந்த நடை. நாமக்கல் கவிஞர் எழுதிக்கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டே போனார்கள். கையில் ஆயுதம் இல்லை. வாயில் பாட்டு இருந்தது.

இங்கிலாந்தின் மார்கழி

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் என்று நினைக்க வேண்டாம்.

இங்கிலாந்தில் ஷெபீல்டு நகருக்கு அருகே டங்வொர்த் என்று ஒரு கிராமம். அங்கே குளிர்காலத்தில், நவம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸ் முடியும் வரை, ஞாயிற்றுக்கிழமை பகலில் ஊரார் கூடிக் கிறிஸ்துமஸ் பாட்டுகள் பாடுகிறார்கள். அதன் கடைசி நாட்கள் நம் மார்கழியில் வருகின்றன.

எங்கே கூடுகிறார்கள் தெரியுமா? மதுக்கடையில்!

இதற்கு ஒரு கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மாதா கோயில் பெரியவர்கள் கிராமத்து மெட்டுகளை ஒதுக்கினார்கள். “இவை நாகரிகமாக இல்லை” என்றார்கள். ஊராருக்கு மனம் வரவில்லை. பாட்டுகளைத் தூக்கிக்கொண்டு மதுக்கடைக்குப் போய்விட்டார்கள். அங்கே போய் அந்தப் பாட்டுகள் பிழைத்துக்கொண்டன.

1903ஆம் ஆண்டு செசில் ஷார்ப் என்ற சங்கீத ஆசிரியர், ஒரு தோட்டக்காரர் பாடுவதைக் கேட்டார். வியந்தார். ஊர் ஊராக அலைந்தார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலுமாகச் சுமார் 5 ஆயிரம் மெட்டுகளை எழுதி வைத்தார்.

1950களிலும் 1960களிலும், மதுக்கடை மாடி அறைகளில் நாடோடிப் பாட்டுச் சங்கங்கள் ஊர் ஊராக முளைத்தன. சம்பளக்காரப் பாடகர் வராத நாளில் வந்தவர்களே பாடினார்கள்.

நம் ஊரில் குடும்பத்தோடு போய் உட்காரும் இடம் மதுக்கடை அல்ல. அதைப் பின்பற்ற வேண்டிய அவசியமும் இல்லை. அவர்களுக்கு இல்லாத பஜனைக் கோயில் நமக்கு இருக்கிறது. குழந்தையும் வரலாம், பாட்டியும் வரலாம்.

கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். பாட்டு வாழ்வதற்கு ஒரு கூரையும், குறித்த ஒரு நேரமும், கூச்சப்படாத 10 பேரும் போதும்.

எழுத்துக்கு ஏணி

கூட்டுப் பாட்டால் இன்னொரு லாபமும் உண்டு.

எழுத்துத் தெரியாதவருக்கும் பாட்டு தெரியும். மனப்பாடமான பாட்டைப் பெரிய எழுத்துப் புத்தகத்தில் விரல் வைத்துப் பார்த்தால், எழுத்து தானே பிடிபடும். “இந்த இடத்தில் இந்தச் சொல்தான் வரும்” என்று வாய்க்கு முன்பே தெரியும் அல்லவா? கண் பின்னாலேயே கற்றுக்கொள்ளும்.

1991ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். இதற்குப் பெரிய துணையாக இருந்தது பாட்டு. சைக்கிளைப் பற்றியே ஒரு பாட்டு கட்டிப் பாடினார்கள். பாடிப் பாடிப் பயம் போயிற்று.

எல்லாத் தெருவுக்கும்

பழைய பஜனையில் ஒரு குறை இருந்தது. அதை மறைக்கக் கூடாது.

பஜனைக் கோஷ்டி எல்லாத் தெருவுக்கும் போகவில்லை. சில தெருக்களின் முனையோடு திரும்பிவிட்டது. பல ஊர்களில் ஊருக்கு ஒரு பஜனைக் கோயில்; சேரிக்கு ஒரு பஜனைக் கோயில். ஒரே ராமர், இரண்டு கூரை! பல இடங்களில் பெண்கள் வாசலில் கோலம் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். பாடுவது ஆண்கள்.

அந்தப் பழைய பஜனை அப்படியே திரும்பி வர வேண்டியதில்லை. அதைவிட நல்லதாகத் திரும்ப வேண்டும்.

காந்தியடிகள் 1946ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சென்னைக்கு வந்து, தியாகராய நகர் இந்திப் பிரசார சபையில் தங்கினார். மாலைதோறும் பிரார்த்தனைக் கூட்டம். மக்கள் திரளாக வந்தார்கள். அவருடைய பிரார்த்தனையில் கீதையும் உண்டு; குரானும் உண்டு; கிறிஸ்தவப் பாட்டும் உண்டு. எந்தச் சாதி என்று யாரும் கேட்கவில்லை.

திருநீர்மலைப் பக்கத்துப் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் டிசம்பரில் கிறிஸ்தவ இளைஞர்கள் வீடு வீடாகப் போய்ப் பாடுகிறார்கள். அவர்களும் மார்கழிக் குளிரில் பாடுகிறவர்கள்தான். ஒரு நாள் இரண்டு கூட்டமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து, மாறி மாறிப் பாடினால் என்ன குறைந்துவிடும்?

வள்ளிக் கும்மி காட்டும் வழி

“இதெல்லாம் போன காலம். இனி வராது” என்று பெருமூச்சு விடுகிறவர்கள் கொங்கு நாட்டைப் பார்க்க வேண்டும்.

வள்ளி முருகன் கதையைப் பாடிக்கொண்டே ஆடும் வள்ளி ஒயில் கும்மி ஒரு காலத்தில் ஆண்கள் மட்டும் ஆடிய கலை. கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்ரப்பன் என்ற முதிய ஆசான், பெண்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். 2024ஆம் ஆண்டு, தமது 87ஆவது வயதில், பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இன்று அங்கே பாட்டியும் பேத்தியும் ஒரே நிறச் சேலை உடுத்தி, ஒரே வட்டத்தில் கும்மி அடிக்கிறார்கள். கதவைத் திறந்ததும் கலை பிழைத்தது. இதுதான் பாடம்.

சனிக்கிழமை அரை மணி

தடைகள் இல்லாமல் இல்லை. மார்கழியில் பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை. தாம்பரம் தொழிற்பேட்டைக்கு ‘ஷிப்டு’ வேலைக்குப் போகும் பெண்ணால் விடியற்காலை 5 மணிக்கு வந்து பாட முடியாது. அவளைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

அப்படியானால் நேரத்தை மாற்றிக்கொள்ளலாமே! சனிக்கிழமை மாலை 7 மணி. அரை மணி நேரம். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செலவும் அதிகம் இல்லை. ஒரு ஜோடி ஜால்ரா, ஒரு பாய், பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகம் 10. முடிந்தால் கடைசியில் ஒரு பிடி சுண்டல். சுண்டலுக்காக வரும் பிள்ளையும் 4 வாரத்தில் பாட்டைக் கற்றுக்கொண்டுவிடும்.

திருப்பாவை பாடுங்கள். திருவெம்பாவை பாடுங்கள். நெல்லைக்காரர் தம் ஊர்ப் பாட்டை எடுத்து விடட்டும். சேலத்து அம்மாள் கும்மிப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கட்டும். நாற்று நட்ட காலத்து நடவுப் பாட்டு நினைவுள்ள பாட்டி ஊரில் ஒருத்தியாவது இருப்பாள். அவளை முதலில் பாடச் சொல்லுங்கள். அவளுக்குப் பிறகு அந்தப் பாட்டைச் சொல்ல ஆள் கிடையாது.

ஒலிபெருக்கி வேண்டாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதி செய்துவிட்டது. சட்டத்துக்காக மட்டும் அல்ல. ஒலிபெருக்கி முழங்கும் இடத்தில் மனிதன் வாயை மூடிக்கொள்கிறான். அது நின்றால்தான் அவன் குரல் அவனுக்கே கேட்கும்.

அடுத்த மார்கழிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று தள்ளிப்போட வேண்டாம். பஜனைக் கோயில் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றே விசாரியுங்கள். ஆர்மோனியத்தின் தூசியைத் தட்டுங்கள். எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, “சனிக்கிழமை பாட வாருங்கள்” என்று அழையுங்கள்.

அழைக்கும்போது அவர் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.