பேக்கிங் பேஸ்ட்டு ஒண்ணும் பாயாசம் இல்லீங்க!

எஞ்சின் வேலை முடிஞ்சு வண்டியை டெலிவரி எடுக்கும்போது நம்மாளுங்க குனிஞ்சு எதைப் பார்க்கறாங்க தெரியுமா? ஆயில் சம்ப் ஓரத்துல சிலிக்கான் நல்லா பிதுங்கி நிக்குதான்னு. நின்னா ஒரே சந்தோஷம். "தாராளமா போட்டிருக்காருப்பா, இனி ஒரு சொட்டு ஒழுகாது!"

சாமிகளா, அந்தத் தாராளம்தான் எஞ்சினுக்கு எமன்.

வெளிய பிதுங்கினதுல உங்க கண்ணுக்குத் தெரியறது பாதிதான். அதே அளவு உள்பக்கமும் பிதுங்கியிருக்கும். வெளிய இருக்கறதைத் துணியால துடைக்கலாம், உள்ளே எவன் துடைப்பான்? அது காய்ஞ்சு ரப்பர் புழு மாதிரி தொங்கும். சூடான ஆயில்ல ஊறி, ஒருநாள் பிச்சுக்கிட்டு சம்புல விழும். அங்கே ஆயில் பம்ப் உறிஞ்சற ஸ்ட்ரெய்னர் வலை இருக்கு. நாலு புழு போய் ஒட்டினா போதும், பம்ப்புக்கு மூச்சுத் திணறும். ஆயில் வரலைன்னா கிராங்க் பேரிங் நிமிஷக் கணக்குல காலி. வாடகை வண்டி ஓட்டறவருக்கு அது மாசக்கணக்கு சம்பாத்தியம். பழி மட்டும் "பேரிங் டூப்ளிகேட் சார்"னு பேரிங் மேல விழும் :-(

என் கட்சி இதுதான். எல்லா இடத்துக்கும் ஒரே டியூப்னு பிதுக்கறது அனுபவம் இல்லை, சோம்பேறித்தனம். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒவ்வொரு மருந்து. சில இடத்துக்கு மருந்தே வேண்டாம்.

சிலிக்கான் காத்துல இருக்கற ஈரத்தை வாங்கித்தான் இறுகும். தகட்டு சம்ப், டைமிங் கவரும் பிளாக்கும் சேர்ற மூலை, இதெல்லாம் அதுக்கான இடம். சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன்ல ஒரே கோடு, போல்ட் துளைக்கு உள்பக்கமா சுத்திப் போனா போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா ஒட்டாது. பெட்ரோல் படற இடத்துல போட்டா ஊதிப்போகும். வினிகர் வாசனை அடிக்கிற டியூப்னா அதுல அசிட்டிக் ஆசிட் வெளிய வருதுன்னு அர்த்தம், உலோகத்தை அரிக்கும். ஆக்சிஜன் சென்சார் இருக்கற வண்டிக்கு "சென்சார் சேஃப்"னு போட்டதைத்தான் வாங்கணும்.

மெஷின்ல வழவழன்னு கடைஞ்ச ரெண்டு கெட்டி முகம் சேர்ற இடத்துக்கு அனரோபிக் பசை. 1953-ல அமெரிக்காவுல ஹார்ட்ஃபோர்டு டிரினிட்டி காலேஜ் வேதியியல் பேராசிரியர் வெர்னன் க்ரீபிள் கண்டுபிடிச்ச சமாச்சாரம். லாக்டைட் பொறந்த கதையும் அதுதான். உலோகத்துக்கு நடுவுல, காத்து இல்லாத இடத்துலதான் இது இறுகும். உள்ளே பிதுங்கினது திரவமாவே இருந்து ஆயிலோட கலந்துடும், புழுவே கிடையாது. ஆனா வளைஞ்ச தகட்டு சம்ப்புக்கு உதவாது, அவ்வளவு பெரிய இடைவெளியை இதால அடைக்க முடியாது.

ஹெட் பேக்கிங்? கம்பெனி மேனுவல் தனியா எதுவும் சொல்லாத வரைக்கும் ஒண்ணும் தடவாதீங்க! இப்போ வர்ற பல அடுக்கு ஸ்டீல் பேக்கிங் மேல ரப்பர் பூச்சு ஏற்கெனவே இருக்கு. அதுக்கு மேல சிலிக்கான் அப்புறது முறுகல் தோசை மேல சாம்பாரைக் கொட்டற கதை.

அடுத்து மரை. டேப்பர் மரை இறுக இறுக மரையிலேயே அடைபடும், அதுக்கு சீலன்ட் வேணும். நேர் மரை வாஷர்லயோ ஓ-ரிங்லயோ அடைபடும், டிரெயின் பிளக் மாதிரி. அதுக்கு வாஷரை மாத்தாம குழாய்க்காரர் வெள்ளை டேப்பைச் சுத்தறது சுத்த வெட்டி வேலை. அந்த டேப் நுனி கிழிஞ்சு ஆயில் வழியில போனா அதுவும் ஒரு புழுதான். டேப்பர் மரை ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சுக்கு டியூப்ல வர்ற டெஃப்லான் பேஸ்ட், முதல் ரெண்டு மரையை விட்டுட்டு, லேசா.

ஹெட் போல்ட்ல இன்னொரு விஷயம். சில எஞ்சின்ல போல்ட் துளை வாட்டர் ஜாக்கெட்டுக்குள்ளயே திறக்கும். 1955-ல வந்த ஷெவர்லே ஸ்மால் பிளாக் பிரபலமான உதாரணம். அங்கே சீலன்ட் போடலைன்னா கூலன்ட் மரை வழியா ஏறி வரும். அடி மூடின துளைன்னா நேர் எதிர். உள்ளே ஆயிலோ தண்ணியோ தேங்கியிருந்து போல்ட்டை இறுக்கினா, போக வழியில்லாத திரவம் பிளாக்கையே பிளந்துடும்.

"நாங்க முப்பது வருஷமா இப்படித்தான் அப்பறோம், ஒண்ணும் ஆகலை"ம்பாங்க. ஆகியிருக்காது, ஒத்துக்கறேன். அம்பாசடர் காலத்து எஞ்சின் கல்லைத் தின்னும். இன்னிக்கு வால்வு டைமிங்கை மாத்தற சோலினாய்டுக்கே ஊசிக்கண் சைஸ்ல ஒரு வலை இருக்கு. அதுக்குப் போய் உங்க முப்பது வருஷத்தைச் சொல்லுங்க, கேக்குதான்னு பார்ப்போம்.

குத்தம் மெக்கானிக் மேல மட்டும் இல்லை. பழைய பேக்கிங்கைச் சுரண்டி, முகத்தை கிளீன் பண்ண மணிக்கணக்காகும். அதுக்குக் கூலி தர நமக்கு மனசு வராது. டியூப்ல முழுசா இறுக 24 மணி நேரம்னு போட்டிருந்தாலும் "சாயங்காலமே வண்டி வேணும்"னு ஒத்தைக் கால்ல நிப்போம். அவர் என்ன பண்ணுவார்? அழுக்கு மேலயே ரெண்டு பங்கு அப்பி கையில குடுத்துடுவார். நாம அவசரப்பட்டு வாங்கினது அதைத்தான்.

அதனால அடுத்த தடவை எஞ்சின் பிரிச்சா, சுரண்டற வேலைக்குத் தனியா காசு குடுங்க. ஒரு நாள் கூட விடுங்க. சம்ப் மாட்டறதுக்கு முன்னாடி ஸ்ட்ரெய்னரைக் கண்ணால பாருங்க. டெலிவரி எடுக்கறப்போ பேஸ்ட் அதிகமா பிதுங்கியிருந்தா கை தட்டாதீங்க, "அண்ணே, உள்ளே எவ்வளவு இருக்கு?"னு கேளுங்க.

டிஸ்கி: உங்க வண்டி மேனுவல் வேற மாதிரி சொன்னா மேனுவல் சொல்றதுதான் சரி. என்கிட்ட சண்டைக்கு வராதீங்க :-)