உண்ணாவிரதம் இருந்த அடுப்பு

மனிதன் உண்ணாவிரதம் இருந்தால் பத்திரிகையில் செய்தி வரும். அடுப்பு உண்ணாவிரதம் இருந்தால்? தெருவே பட்டினி கிடக்கும்! அப்படி ஓர் அடுப்பைச் சென்ற கார்த்திகையில் சிவகாசிக்குப் பக்கத்து நாரணாபுரத்தில் பார்த்தேன். உங்களுக்கும் சொல்ல வேண்டிய சமாசாரம் அது.

காலண்டர் வேலை மும்முரமாக நடக்கும் மாதம். அச்சகத்துக்குப் போகிறவர்கள் விடியற்காலையிலேயே இட்லிக் கடை வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். அன்று நானும் நின்றேன். இலை இருக்கிறது, சட்னி இருக்கிறது, குண்டான் நிறைய மாவு பொங்கி நிற்கிறது. இட்லி மட்டும் இல்லை!

"அடுப்பு மக்கர் பண்ணுது தம்பி. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாராம். இத்தனை மாவையும் நான் என்ன செய்ய?" என்றார் கடைக்கார அக்கா. கேஸ் விலை கட்டுப்படியாகாமல், கடன் வாங்கி வைத்த அடுப்பு. குரல் தழுதழுத்ததில் வியப்பில்லை.

"அது என்ன அடுப்பு?" என்கிறீர்களா? பெல்லட் அடுப்பு. மரத்தூளையோ, கடலைத் தோல் போன்ற பண்ணைக் கழிவையோ இயந்திரத்தில் கொடுத்து அழுத்தினால், 6 முதல் 8 மில்லி மீட்டர் கனத்தில் சிறு சிறு குச்சித் துண்டுகளாக வரும். அதுதான் பெல்லட். பசை எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. அழுத்தும்போது எழும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் இளகி, அதுவே ஒட்டிக்கொள்கிறது. 2006-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆராய்ச்சித் துணையோடு 'ஊர்ஜா' என்ற அடுப்பு நம் தமிழ்நாட்டுக்கும் வந்தது, நினைவிருக்கிறதா? அதில் ஒரு முறை கொட்டினால், அது தீரும் வரை எரியும். அக்காவின் அடுப்பு அதற்குத் தம்பி முறை. மேலே ஒரு தொட்டி. அதன் அடியில் மோட்டாரில் சுழலும் திருகு. அந்தத் திருகு பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தீக்கிண்ணத்தில் போடும். கீழே ஒரு விசிறி காற்று ஊதும். குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போலத்தான்!

அன்று விசிறி ஓடியது. தொட்டியும் நிறைந்திருந்தது. ஆனால் கிண்ணத்தில் ஒரு துண்டு விழவில்லை.

கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை. "கையை விட்டுக் கிளறுங்க" என்றார் ஒருவர். "கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊத்துங்க" என்றார் இன்னொருவர். "தீப்பெட்டி ஆபீஸ் தூள் ஒரு சாக்கு கிடக்கு, கொண்டு வரட்டுமா?" என்று ஒரு பையன் கிளம்பியே விட்டான்.

"நில்லுடா!" என்று ஓர் அதட்டல். அச்சு மிஷின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி. "அந்தத் தூளிலே மருந்து கலந்திருந்தா என்ன ஆகும்? இந்த ஊர்க்காரன் பேசுற பேச்சா இது?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அண்ணாச்சி முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கினார். அடுப்பு ஆறும் வரை யாரையும் கிட்டே விடவில்லை. "திருகு திடீர்னு சுத்தினா விரல் போயிரும். தீ குழாய் வழியாப் பின்னாலே ஏறித் தொட்டியைப் பிடிச்சாலும் பிடிக்கும். பசி ஒரு மணி நேரம் பொறுக்கும்" என்றார்.

பிறகு ஒரு மரக்கம்பால் தொட்டிக்குள் மெதுவாகக் குத்தினார். மேலே நிறைந்திருந்த பெல்லட் பொலபொலவென்று உள்ளே சரிந்தது. கீழே வெற்றிடம்! துண்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு பாலம் கட்டி நின்றிருக்கின்றன. அது ஒரு வியாதி. தொட்டியை முழுதும் காலி செய்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அடியில் தேங்கிய தூள் ஈரத்தில் ஊறி, திருகைச் சுற்றிக் களிமண்ணாக இறுகிக் கிடந்தது.

"மிஷின் கெடலை தம்பி, தீனிதான் கெட்டுப்போச்சு. மழைக் காலத்திலே பேப்பர் ஈரம் வாங்கினா எங்க மிஷினும் இப்படித்தான் இழுக்காம அடம் பிடிக்கும்" என்றார் அண்ணாச்சி.

மூட்டைகள் எங்கே என்று பார்த்தோம். சிமிட்டித் தரையில், ஓதம் காத்த சுவரில் சாய்த்து அடுக்கியிருந்தது! நல்ல பெல்லட் மேலே பளபளப்பாக இருக்கும். ஒடித்தால் 'டக்'கென்று ஒடியும். ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் இருக்கலாகாது. தண்ணீர் பட்டால் உப்பி, மறுபடி மரத்தூளாகிவிடும். வறண்ட பூமி என்பதால்தானே தீப்பெட்டியும் பட்டாசும் இந்த வட்டாரத்தில் வேரூன்றின? அக்காவின் அடுப்புக்கும் அதே ஜாதகம்தான்!

திருகைச் சுரண்டித் துடைத்து, தீக்கிண்ணத்தின் துளைகளை அடைத்த சாம்பலைத் தட்டி, நடு மூட்டையிலிருந்து காய்ந்த பெல்லட்டைச் சல்லடையில் சலித்துப் போட்டார்கள். சுவிட்சைப் போட்டதும் முதல் துண்டு 'டொக்'கென்று விழுந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் அதற்குள் அச்சகக்காரர்கள் போய்விட்டார்கள். அன்று அரை வியாபாரம் போயிற்று. மிச்ச மாவு சாயங்காலம் ஊத்தப்பமாயிற்று.

இத்தகைய அடுப்பு உங்கள் வீட்டிலோ கடையிலோ இருந்தால் இதை மனத்தில் வையுங்கள். மூட்டையைப் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து தூளை அகற்றுங்கள். இத்தனையும் செய்த பிறகும் திருகு சுழலாவிட்டால், கோளாறு மோட்டாரிலோ மின்சாரத்திலோ இருக்கும். அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எந்த நிலையிலும் மண்ணெண்ணெய் வேண்டாம். மருந்துத் தூள் வேண்டவே வேண்டாம்.

புறப்படும்போது, "மறுபடி நின்னா என்ன செய்வீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"முதல்லே பிளக்கைப் பிடுங்குவேன். அப்புறந்தான் அழுவேன்!" என்றார்.