வில்லுக்கு எத்தனை மைக்?

நாஞ்சில் நாட்டுக்குரிய பெருமைகளைக் கேட்டால், தோவாளைப் பூவையும் மட்டிப் பழத்தையும் கலைவாணரையும் நம்மவர்கள் மூச்சு விடாமல் சொல்லிவிடுவார்கள். அப்பட்டியலில் பெரும்பாலோர் சேர்க்க மறந்துவிடும் பெருமை ஒன்று உண்டு. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-ஆம் வருஷம் நிறுவப்பட்டது நாகர்கோவிலில்தான். டில்லியும் சென்னையும் திருநெல்வேலியும் பேசக் கேட்டுப் பழகிய காதுகளுக்குத் தம் ஊர்ப் பேச்சே பெட்டிக்குள்ளிருந்து வந்தபோது உண்டான மகிழ்ச்சியை அக்காலத்தவர் அறிவர்.

இன்று வானொலி நிலையத்தைத் தேடிப் போக வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், இரண்டு ஸ்பீக்கர். இவை இருந்தால் மச்சில் ஓர் அறையே ஒலிப்பதிவு நிலையம் ஆகிவிடுகிறது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. ஏ. ஆர். ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு சேர்ந்த சிறிய இடத்தில் அமைத்துக்கொண்ட பஞ்சதன் என்னும் ஒலிக்கூடத்திலிருந்துதான் 1992-இல் ‘ரோஜா’வின் சங்கீதம் வெளிவந்தது. ஆகவே வீட்டு அறையை யாரும் குறைவாக மதிக்க வேண்டாம்.

ஆனால், “எந்த மைக் வாங்கலாம்?” என்று நம்மிடம் வந்து கேட்கும் இளைஞர்களுக்கு நாம் உடனே விடை கூறுவதில்லை. “எதைப் பதியப் போகிறீர்கள்?” என்று திருப்பிக் கேட்கிறோம். சினிமாப் பாட்டைத் தாமே பாடிப் பதிவதற்கு என்றால் கடைக்காரரே வழி சொல்லிவிடுவார். வில்லுப்பாட்டு என்று சொன்னாலோ, நாம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவோம். ஒலிப்பதிவுக் கருவிகளுக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை நமக்குத் தெரிந்தவரை வேறில்லை.

காரணத்தைப் பாருங்கள். சுமார் பத்தடி நீளமுள்ள வில். அதில் வரிசையாக மணிகள். நாணை வீசுகோல் தாக்கும்போது மணிகள் அனைத்தும் ஒருசேரக் கலீரென்கின்றன. வில்லைத் தாங்கி நிற்கும் குடம், வாயில் மட்டை விழுந்தவுடன் ‘கும்’ என்று அடிவயிற்றிலிருந்து ஒலிக்கிறது. பக்கத்திலேயே உடுக்கை, தாளம், கட்டை. நடுவில் அமர்ந்த புலவர் பாட்டும் வசனமுமாகக் கதையை நடத்துகிறார். வலம் பாடுவோர் எடுத்துக் கொடுக்க, இடம் பாடுவோர் வாங்கிப் பாடுகின்றனர். அத்தனை பேரும் ஒரு ஜமக்காளத்தில், முழங்கால் இடிபட உட்கார்ந்திருக்கிறார்கள்.

சினிமா ஒலிப்பதிவில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியறையில் அடைத்து, காதில் ஹெட்போனை மாட்டித் தனித்தனியே பதிந்துகொள்ளும் வழக்கம் உண்டு. பிறகு எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று சாவகாசமாகத் தீர்மானிக்கலாம். வில்லில் அது நடவாது. புலவர் புருவத்தை உயர்த்தினால் குடக்காரர் காலத்தை மாற்றுகிறார். இடையில் கண்ணாடிச் சுவரை எழுப்பிவிட்டால் அந்தப் புருவத்தை எங்கே காண்பது? மேலும், இசக்கியம்மன் கோவில் கொடையிலும் முத்தாரம்மன் கோவில் கொடையிலும் பாட்டு உச்சத்துக்குப் போவது பாடுகிறவரால் மட்டும் அன்று. எதிரே கோமரத்தாடி ஆடத் தொடங்குகிறார், பெண்கள் குலவையிடுகிறார்கள், வில் அவர்களோடு சேர்ந்து விரைகிறது. குளிரூட்டிய அறைக்குள் நான்கு பேரை வரவழைத்து, “ம், ஆரம்பியுங்கள்” என்றால் கதை வரும். தெய்வம் வருமா என்பது ஐயமே.

ஆகையால் நமது அபிப்பிராயம் இது: வில்லுப்பாட்டுக்கு ஒலிப்பதிவுக் கூடம் கோவில் முற்றமே. கருவிகள் அங்கே போக வேண்டும். தூக்கிச் செல்லக் கூடியவற்றை வாங்குங்கள். வீட்டிலுள்ள அறை, பதிந்து வந்ததைக் கேட்கவும் கலக்கவும் மட்டுமே.

மைக்கில் பிரதானமாக இரண்டு ஜாதி. டைனமிக் என்பது ஒன்று. காந்தத்தின் நடுவே ஒரு சிறு கம்பிச் சுருள் அசைந்து மின்சாரம் உண்டாக்கும் எளிய அமைப்பு. முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும். 1965-இல் அமெரிக்கக் கம்பெனியான ஷூர் வெளியிட்ட எஸ்.எம். 57 இன்றளவும் உலகெங்கும் முரசுகளுக்கு முன்னே நிற்கிறது. கண்டென்ஸர் என்பது மற்றொன்று. மெல்லிய சவ்வும் அதன் பின்னே ஒரு தகடும் கொண்டது. பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும். மணியின் கடைசி அதிர்வையும் பாடகரின் மூச்சையும் அது பிடித்துவிடும். பெர்லினில் 1928-இல் கியோர்க் நாய்மன் தொடங்கிய கம்பெனியின் யூ 87 இந்த ஜாதியில் பெயர் பெற்றது, 1967-இல் வந்தது. அதன் விலைக்கு ஒரு நல்ல பசுமாடும் கன்றும் வாங்கிய பின்னரும் பணம் மிஞ்சும். வில்லுக்கு அது வேண்டியதில்லை.

குடத்துக்கும் உடுக்கைக்கும் டைனமிக்கே போதும். புலவருக்கு ஒரு டைனமிக். இடம் பாடுவோருக்கு ஒன்று. இவை முன்னால் நிற்பவர் சொல்வதை நன்றாகக் கேட்டு, பின்னால் நிற்பவரை அலட்சியம் செய்யும் வகையாக இருக்கட்டும். பெரிய உத்தியோகஸ்தர்களிடம் நாம் வெறுக்கும் இக்குணம் மைக்கில் போற்றத்தக்கது. வில்லின் மணிகளுக்கு மேலே, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில், வலத்தொன்று இடத்தொன்றாக இரண்டு கண்டென்ஸர்கள். ஜனங்களை நோக்கி இன்னும் இரண்டு. குலவை அவற்றில் விழும். தாளத்துக்குத் தனி மைக் வைக்காதீர்கள். அது அழையாமலே எல்லா மைக்கிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆக எட்டு. எட்டு மைக்குகளை ஒரே சமயத்தில் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் ‘ஆடியோ இன்டர்பேஸ்’ என்னும் பெட்டி ஒன்றும் தேவை.

எட்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்க ஒரு கணக்கு உண்டு. ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் செல்கிறது. குடத்தின் ஓசை அதன் மைக்கைச் சேர்ந்த பிறகு, 1.7 மீட்டர் கூடுதலான தூரத்திலுள்ள புலவரின் மைக்கையும் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாமதம் ஒரு விநாடியின் இருநூறில் ஒரு பங்கு. விநாடிக்கு 100 தடவை அதிரும் ஓசைக்கு இது சரியாக அரை அதிர்வு. ஒரு மைக்கில் அலை மேலே ஏறும்போது மற்றதில் கீழே இறங்குகிறது. இரண்டையும் கலந்தால் குடத்தின் ‘கும்’ கரைந்து, தகரத்தைத் தட்டியது போன்ற ‘டப்’ மிஞ்சும். “குடம் சரியில்லை” என்று குடக்காரர்மேல் பழி விழும். அவர் பாவம், ஒன்றும் அறியார். பாடுகிறவருக்கும் அவருடைய மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல் மும்மடங்காவது அடுத்த மைக் தள்ளி நிற்க வேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்கள் கைக்கொள்ளும் விதி. ஜமக்காளத்தை நீட்ட முடியாதாகையால், மைக்குகளைக் கிட்டே கொண்டுபோவது ஒன்றே வழி.

நம் ஊருக்கே உரிய விரோதிகள் இருவர். ஒருவர் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து முப்பந்தலில் காற்றாடிகளைச் சுழற்றும் அதே காற்று, மைக்கின் சவ்வில் மோதினால் இடி முழக்கமாகப் பதிவாகும். நுரைத்தொப்பியும், அதற்கு மேல் ரோமத் தொப்பியும் அவசியம். மற்றொருவர் ஈரம். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெய்யும் தேசத்தில் கண்டென்ஸர் சவ்வு ஈரம் பட்டுப் பொரிவது போல் சடசடக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பல வருஷம் உழைக்கும்.

கொடை விழாக்களில் இப்போது நடப்பது என்ன? சவுண்ட் சர்வீஸ்காரரின் ஆம்ப்ளிபயரிலிருந்து ஒரு கம்பியை இழுத்துப் பதிந்துகொண்டு போகிறார்கள். அவர் தம் கடமையாகக் கருதிச் சேர்த்த ‘எக்கோ’ அதில் நிரந்தரமாக ஏறிவிடுகிறது. ஓசை அளவை மீறி அலையின் தலை வெட்டுப்பட்டிருக்கும். வெட்டுப்பட்ட தலையை முழுவதும் பழையபடி மீட்க எந்த யந்திரத்தாலும் ஆகாது. மைக்கின் கம்பியை ஆம்ப்ளிபயருக்குப் போகுமுன்பே இரண்டாகப் பிரிக்கும் சிறு பெட்டிகள் கிடைக்கின்றன. ஒரு கிளை ஒலிபெருக்கிக்கு, மற்றொன்று நமக்கு. சவுண்ட் சர்வீஸ்காரருக்கும் மனத்தாங்கல் இல்லை.

அளவை எப்போதும் தாழ்த்தியே வையுங்கள். 24 பிட் பதிவில் மிக மெல்லிய ஓசைக்கும் மிக உரத்த ஓசைக்கும் கணக்குப்படி 144 டெசிபெல் இடமிருக்கிறது. உச்சிக்குக் கீழே 12 டெசிபெல் காலியாக விட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. நள்ளிரவுக்கு மேல் வில் எழும்பும்போதுதான் அந்தக் காலியிடத்தின் அருமை தெரியும்.

இந்த எட்டு மைக்கும் ஆறு மணி நேரம் ஓடினால் சுமார் 25 ஜிகாபைட் ஆகும். விரல் நகத்தளவுள்ள அட்டையில் அடங்கிவிடும். 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிஷம். அந்த ஆறு மணி நேரக் கதைக்கு அறுபது இசைத்தட்டுகள் வேண்டியிருந்திருக்கும். இரவு முழுவதும் நீளும் தோட்டுக்காரி அம்மன் கதை மூன்று நிமிஷத்துக்குள் எப்படி நுழையும்? கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வில்லை நகரத்து மேடைக்குக் கொண்டுபோனார். அவருக்கு எழுதிக் கொடுத்த சுப்பு ஆறுமுகம் 2022-இல் மறையும்வரை வானொலியிலும் மேடையிலும் அதைப் பரப்பி, 2021-இல் பத்மஸ்ரீயும் பெற்றார். அவையெல்லாம் மேடையின் கால அளவுக்குள் அடங்கியவை. கோவில் முற்றத்து நெடுங்கதையை நாஞ்சில் நாட்டில் தங்கிப் பதிவு செய்து ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் அமெரிக்கர். அவர் நூல் 1988-இல் பென்சில்வேனியாவிலிருந்து வெளிவந்தது. அவருக்கு நம் நன்றி உரியது. ஆனால் கடல் கடந்து ஒருவர் வந்து செய்ததை, கோட்டாற்றிலிருந்து பஸ் ஏறிப் போய் நாம் செய்யாதிருப்பது அழகன்று. முழுக் கதையும் மனப்பாடமாகத் தெரிந்த முதிய புலவர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

இனி, கலக்கும் அறை. முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டுவதை யார் தொடங்கி வைத்தார்களோ! அவை ‘கும்’ என்ற தாழ்ந்த ஓசையைத் தடுப்பதே இல்லை. தடித்த பஞ்சு மெத்தைகளும், நம் கடற்கரையில் மலிந்த தென்னை நார்ப் பாளங்களும், சுவரை விட்டு நான்கு விரற்கடை தள்ளி நிறுத்தப்பட்டால் எவ்வளவோ மேல். காங்கிரீட் அறையைவிடப் பழைய ஓட்டு வீட்டில் எதிரொலி குறைவு. மழை வந்தால் மட்டும் வேலையை நிறுத்திவிட்டுக் காப்பி குடிக்கலாம். ஸ்பீக்கர் விஷயத்தில் சுதேசி அபிமானிகளுக்கு ஆறுதல் உண்டு. கல்கத்தாவைச் சேர்ந்த ஸோனோடைன் கம்பெனியார் ஒலிக்கூடத்துக்குரிய மானிட்டர் ஸ்பீக்கர்களே செய்திருக்கிறார்கள். மற்றபடி மைக்கும் பெட்டியும் பெரும்பாலும் அயல்நாட்டுப் பெயர் தாங்கியவையே.

கலக்கும்போது கை நீளாமல் இருப்பதே திறமை. வலம் பாடுவோரை ஒரு ஸ்பீக்கரிலும் இடம் பாடுவோரை மற்றதிலும் வைத்தால், கேட்பவர் கண்ணை மூடியே ஜமக்காளத்தைக் காண்பார். வலம் என்பது பாடுபவர்க்கா, கேட்பவர்க்கா என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் குடம் கேட்கவில்லை என்று அதன் தாழ்ந்த ஓசையைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். கைபேசியின் குட்டி ஸ்பீக்கருக்கு அந்த ஓசையைத் தரவே சக்தி இல்லை. மட்டை விழும் சத்தத்தைச் சற்றே தெளிவாக்கினால் போதும். காது மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும். சுருதியைத் திருத்தும் ‘ஆட்டோ-ட்யூன்’ 1997-இல் வந்தது. பூமிக்கடியில் எண்ணெய் தேடும் ஆராய்ச்சியில் முன்பு ஈடுபட்டிருந்த ஒருவர் செய்தது. எண்ணெய் இருக்கும் இடத்தில் தேடட்டும். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே நடக்கும் புலவரின் குரலை அது பிடித்து இழுத்தால் கதை செத்துவிடும். கீ-போர்டு தாளம் சேர்ப்பதைப் பற்றி நாம் ஒன்றும் எழுதப் போவதில்லை. எழுதினால் ஆசிரியர் வெட்டும்படி நேரும்.

எட்டு மைக்கின் பதிவுகளையும் கலக்காமல் அப்படியே இரண்டு வட்டுகளில் எடுத்து, ஒன்றைக் கோவில் நிர்வாகத்தாரிடமும் மற்றொன்றைத் தம்மிடமும் வையுங்கள். பதிவதற்கு முன்பே குழுவினரின் சம்மதத்தையும், வெளியிட்டால் அவர்களுக்கு உரிய பங்கையும் காகிதத்தில் எழுதிக் கொள்ள வேண்டும். வட்டின் மேல் ஊர், கோவில், கதை, தேதி ஆகியவற்றோடு பாடினவர்கள் பெயரும் இருக்கட்டும். புலவர் பெயரை மட்டும் எழுதி ‘குழுவினர்’ என்று முடித்துவிடாமல், குடம் அடித்தவர் பெயரையும் தாளம் போட்டவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.